தற்கொலை மறுமுயற்சி ஆபத்தை மதிப்பெண்ணால் கணிக்க முடியுமா?

வார்டுக்காரி:
மனநல வார்டில் செவிலியராக இருக்கிறேன். தற்கொலைக்கு முயன்று சேர்க்கப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பும்முன் நம்பிக்கையின்மை அளவுகோலை நிரப்ப வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1974இல் கொண்டுவந்தது. 20 வாக்கியங்கள், சரி, தவறு என்று குறித்தால் போதும்; மதிப்பெண் கூடக்கூட நம்பிக்கையின்மை அதிகம். மருந்தில் தூக்கம் வந்துவிடும், பசி வந்துவிடும். ‘இனி எதுவும் மாறாது’ என்ற நினைப்பு மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை யாரும் கேட்பதில்லை.

எண்ணிப்பார்:
கேளுங்கள், யார் வேண்டாம் என்றது? மதிப்பெண் போட்டு ‘இவருக்கு ஆபத்து, இவர் பரவாயில்லை’ என்று பிரிக்காதீர்கள் என்கிறேன். பெக்கின் 1985 ஆய்வில், பின்னாளில் தற்கொலையால் இறந்த 11 பேரில் 10 பேர் 10க்குக் குறையாமல் எடுத்திருந்தார்கள். கேட்கப் பிரமாதம். ஆனால் அதே அளவு எடுத்து உயிரோடு இருந்தவர்கள் பல மடங்கு. 2017இல் வந்த தொகுப்பாய்வு 50 ஆண்டுகளின் 365 ஆய்வுகளை அலசியது. எந்தத் தனிக்காரணியை வைத்துக் கணித்தாலும் பூவா தலையா போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல்! பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2022இல், கணிப்புக்கு அளவுகோல்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

வார்டுக்காரி:
முந்தைய முயற்சியையும் தள்ளிவிடுவீர்களா? தன்னைத் துன்புறுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் மறுபடி அதைச் செய்கிறார்.

எண்ணிப்பார்:
நீங்கள் சொல்லும் நோயாளிகள் எல்லாருக்கும் முந்தைய முயற்சி உண்டே. எல்லாரிடமும் இருப்பதை வைத்து யாரை யாரிடமிருந்து பிரிப்பீர்கள்?

இரண்டுமுறை:
நீங்கள் இருவரும் பேசும் அந்த ‘நோயாளி’ நான்தான். முதல் முறை டிஸ்சார்ஜின்போது அந்தத் தாளை நிரப்பினேன். வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். எதைக் குறித்தால் விடுவார்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. எனக்குள் ஓடியது வேறு: நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி. வீட்டில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசப் பேச, அது இன்னும் உறுதியானது. தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் 2005இலேயே, பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற உணர்வை இதன் மையத்தில் வைத்து எழுதியிருக்கிறார். அந்த 20 வாக்கியங்களோ எதிர்காலத்தைப் பற்றியே கேட்கின்றன.

வார்டுக்காரி:
பொய்யாக நிரப்புவார்கள் என்று தெரியும். அதனால்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். சில சமயம் நாலாவது வாக்கியத்திலேயே அழுகை வந்துவிடும், மீதியை வாசிப்பதே இல்லை. சரி, மதிப்பெண்ணை விட்டுவிடுகிறேன். உட்கார்ந்து கேட்பதை விடமாட்டேன். பாரம் பற்றியும் இனிமேல் கேட்பேன்.

எண்ணிப்பார்:
அதோடு நின்றால் எனக்குச் சண்டையே இல்லை. ஸ்டான்லி, பிரௌன் என்ற இரு உளவியலாளர்களின் பாதுகாப்புத் திட்டத்தைப் பாருங்கள். நெருக்கடி வந்தால் முதலில் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று நோயாளியோடு உட்கார்ந்து எழுதுவது. அவசரப் பிரிவில் அதை எழுதிக்கொடுத்து, பிறகு தொலைபேசியிலும் விசாரித்தவர்களிடம் ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை சுமார் 45% குறைவு என்று 2018இல் வெளியிட்டார்கள். அங்கே மதிப்பெண் பார்த்து ஆள் பொறுக்கவில்லை.

இரண்டுமுறை:
எனக்கு அந்த அழைப்பு இரண்டாவது முறைக்கு அப்புறம்தான் வந்தது. நேற்று ராத்திரி எப்படிப் போச்சு என்று கேட்டார்கள். வார்டுக்காரி, டிஸ்சார்ஜ் ஆனவர்களை நீங்கள் அழைப்பதுண்டா?

வார்டுக்காரி:
இல்லை. ஃபைலோடு அவர்கள் நம்பரும் ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடுகிறது. எடுத்துத் தருவார்களா என்று நாளைக்குக் கேட்டுப்பார்க்கிறேன்.