உதவி தேவை: ஈ-வெப் மாடல், சுட்டால் ரீசெட் ஆகுது, திருப்பினால் சாயுது

பனிப்படை_இரண்டாம்ஆள்
வணக்கம். ஸ்டார் வார்ஸ் ஈ-வெப், அதாவது ஹோத் தளத்துக்குள்ள பனிப்படை வீரர்கள் முக்காலியில் நிறுத்துற கனரக பிளாஸ்டர். அதை முழு அளவில் செய்துகிட்டிருக்கேன். குழாய் பிவிசி, மற்றதெல்லாம் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட். ஜெனரேட்டர் பெட்டி தனி. அதிலிருந்து 1.5 மீட்டர் கேபிள் துப்பாக்கிக்குப் போகுது.

ஜெனரேட்டரில் 5 வோல்ட் 2.4 ஆம்பியர் பவர் பேங்க், பவர் திருகு (10கே பொட்டென்ஷியோமீட்டர்). துப்பாக்கியில் ஈஎஸ்பி32 (எல்லாத்தையும் இயக்குற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு), டபிள்யூஎஸ்2812பி எல்ஈடி 40 (டேட்டா ஒயரில் நிறம் மாறும் பட்டை), டிஎஃப்பிளேயர் மினி (கார்டிலிருந்து சத்தம் வாசிக்கிற போர்டு), 3 வாட் ஸ்பீக்கர். கேபிள் நாலு கோர், 26 கேஜ்: 5 வோல்ட், கிரவுண்ட், திருகுக்கு 3.3 வோல்ட், திருகின் நடுக்கால்.

பிரச்சினைகள்:
1. டிரிகர் அழுத்தினதும் ஒரு வெள்ளை ஃபிளாஷ், உடனே ஈஎஸ்பி32 ரீசெட். சீரியல் மானிட்டரில் "பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் டிரிகர்ட்", அதாவது வோல்டேஜ் ரொம்பக் குறைஞ்சிடுச்சுன்னு வருது.
2. பவர் திருகை நடுவில் வெச்சா ஈஎஸ்பி32 2050 காட்டும் (முழு அளவு 4095), சுடும்போது 1750க்கு இறங்கும்.
3. தொடர்ந்து சுட்டா சத்தம் வெட்டி வெட்டி வருது.
4. நேராக நோக்கினா நிக்குது. பக்கவாட்டில் 40 டிகிரி தாண்டினா மொத்தமும் முன்னாடி சாயுது.
5. சும்மா வெச்சிருந்தா அரை நிமிஷத்தில் தானா அணைஞ்சிடுது.

கேபிளை நெளிகுழாய்க்குள்ள விட்டு இரண்டு முனையும் ஒட்டியாச்சு. அதைப் பிரிக்காம தீர்வு இருந்தா நல்லது.

சாலிடர்புகை
5-க்கு முதல்ல பதில்: அது பழுது இல்லை. பெரும்பாலான பவர் பேங்க், இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைஞ்சா ஃபோன் சார்ஜ் ஆகிடுச்சுன்னு நினைச்சு அணைஞ்சிடும். இதுக்குப் பவர் பேங்க் தோதுப்படாது.

1-க்கு ஒரு சோதனை. கோடில் வெள்ளைக்குப் பதில் சுத்தச் சிவப்பு மட்டும் போட்டு சுடுங்க. வெள்ளையில் ஒரு எல்ஈடி 60 மில்லிஆம்பியர், சிவப்பு மட்டும்னா 20. 40 எல்ஈடிக்கு 2.4 ஆம்பியர் எங்கே, 0.8 எங்கே.

அடுத்து, ஈஎஸ்பி32க்குப் போற 5 வோல்ட் ஒயரைக் கழட்டிட்டு லேப்டாப் யுஎஸ்பியில் ஓட்டுங்க. கிரவுண்ட் மட்டும் சேர்ந்தே இருக்கணும். 40 எல்ஈடியும் வெள்ளையில் நிலையா எரியும்போது மல்டிமீட்டரை துப்பாக்கி முனையிலும் பவர் பேங்க் முனையிலும் வெச்சு இரண்டு அளவையும் சொல்லுங்க. 5 வோல்ட் ஒயரைக் கழட்டாம யுஎஸ்பி சொருகாதீங்க, ரெண்டு சப்ளையும் ஒண்ணோடு ஒண்ணு மோதும்.

பனிப்படை_இரண்டாம்ஆள்
சிவப்பில் ரீசெட் இல்லை. வெள்ளையில் பவர் பேங்க் முனை 5.0, துப்பாக்கி முனை 4.05 வோல்ட்.

சாலிடர்புகை
அப்போ ஆள் அகப்பட்டாச்சு. 26 கேஜ் செம்பு ஒயர் மீட்டருக்குச் சுமார் 0.134 ஓம். போக 1.5, வர 1.5, மொத்தம் 3 மீட்டர்: 0.4 ஓம். அதில் 2.4 ஆம்பியர் ஓடினா 0.96 வோல்ட் ஒயரிலேயே போயிடும். பலரும் போற ஒயரை மட்டும் கணக்குப் போட்டு வர்ற ஒயரை மறந்துடுவாங்க.

4 வோல்ட்டில் எல்ஈடி எரியும், ஈஎஸ்பி32தான் தாங்காது. போர்டில் இருக்கிற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் 3.3 வோல்ட் தரணும்னா அதுக்கு மேல ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலா உள்ளே வரணும். 4.05 வந்தா வெளியே 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். அதான் பிரவுன்அவுட்.

கேஜ்காரர்
கேபிளை மாத்துங்க, வேலை முடிஞ்சது. ஹார்டுவேர் கடையில் 0.75 சதுர மி.மீ. ஃபிளெக்சிபிள் ஒயர் கேளுங்க. 3 மீட்டருக்கு 0.08 ஓம், இழப்பு 0.19 வோல்ட். எதுக்கு சர்க்யூட் எல்லாம்?

சாலிடர்புகை
@கேஜ்காரர் ஒட்டின நெளிகுழாயைப் பிரிக்க வேண்டாம்னு கேட்டிருக்காரே. தவிர, பவர் பேங்க் உச்சமே 2.4 ஆம்பியர். எல்ஈடி மட்டுமே அதைத் தின்னுடும். ஈஎஸ்பி32க்கும் ஸ்பீக்கருக்கும் எது மிச்சம்? கேபிளை மாத்தினாலும் ரீசெட் திரும்ப வரும்.

வோல்டேஜை ஏத்தி அனுப்பி, துப்பாக்கிக்குள்ள இறக்கணும். மின்வாரியம் செய்யறதும் இதேதான். ஜெனரேட்டரில் 18650 லித்தியம் செல் மூணு தொடரில் (3எஸ்), பிஎம்எஸ் (பேட்டரி பாதுகாப்பு) போர்டோட. பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே 3 ஆம்பியர் ஃபியூஸ், கேபிளின் நடுவில் இல்லை. துப்பாக்கியில் பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜை இறக்குற மாட்யூல்). மொத்த லோடு 14 வாட்டுன்னு வெச்சா, கேபிளில் ஓடுறது 1.5 ஆம்பியர்தான். பழைய 0.4 ஓமிலேயே 0.6 வோல்ட் போகும். போகட்டும். 3எஸ் பேட்டரி 12.6-லிருந்து 9 வரை இறங்கும், பக் கன்வெர்ட்டர் எல்லாத்தையும் 5 ஆக்கிடும்.

பக் கன்வெர்ட்டரில் எல்எம்2596 மாட்யூல் வாங்காதீங்க. 3 ஆம்பியர்னு எழுதியிருக்கும், தொடர்ந்து 2 ஆம்பியர் தாண்டினா கொதிக்கும். உங்க பெட்டி மூடின பிஎல்ஏ, சுமார் 60 டிகிரியில் இளகிடும். எக்ஸ்எல்4015 போடுங்க, பின்னாடி காற்றுத் துளையும் விடுங்க. எதையும் இணைக்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வெச்சு 5.0-க்குத் திருகி நிறுத்தணும். புது மாட்யூல் எத்தனை வோல்ட்டில் வரும்னு சொல்ல முடியாது. நேரா மாட்டினா 40 எல்ஈடியும் காலி.

சார்ஜருக்கு 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜர்தான். வீட்டில் கிடக்கிற 12 வோல்ட் அடாப்டர் கூடாது.

கதையிலும் இந்த ஆயுதத்தோட பலவீனம் ஜெனரேட்டர்தான். பவரைச் சரியா ஏத்தி இறக்கலைன்னா அது வெடிக்கும்னுதான் பக்கத்திலேயே ஒரு டெக்னீஷியனை உட்கார வெச்சிருக்காங்க. உங்க மாடல் அந்த விஷயத்தில் அசலை மிஞ்சிடுச்சு.

கேஜ்காரர்
சரி, ஒட்டினதைப் பிரிக்க முடியாதுன்னா இதுதான் வழி, ஒத்துக்கறேன். ஆனா பிளக் விஷயத்தில் கவனம். ஜிஎக்ஸ்16 மாதிரி திருகு கனெக்டர் போட்டா, பேட்டரி பக்கம் துளை உள்ள பாதி வரணும், துப்பாக்கி பக்கம் முள். தலைகீழா போட்டா கழட்டின பிளக்கில் முள்ளுங்க வெளியே நீட்டிக்கிட்டு 12 வோல்ட்டோட நிக்கும். ஏதாவது இரும்பில் பட்டா ஷார்ட்.

சாலிடர்புகை
இனி 2. இது ரொம்பப் பேர் கண்டுபிடிக்க முடியாம அலையற கோளாறு. திருகோட கிரவுண்டும் பவர் கிரவுண்டும் ஒரே ஒயர்.

சுடும்போது அந்த ஒரு ஒயரில் (1.5 மீட்டர், 0.2 ஓம்) 2.4 ஆம்பியர் திரும்பி வருது, 0.48 வோல்ட். அதாவது ஜெனரேட்டர் பக்கத்துக் கிரவுண்ட் துப்பாக்கி கிரவுண்டைவிட 0.48 தாழ்ந்திருக்கு. திருகு நடுவில் இருந்தா அதில் பாதி, 0.24 வோல்ட் பிழை. 3.3 வோல்ட்டுக்கு 4095 படின்னா 0.24-க்குச் சுமார் 300. நீங்க சொன்ன 2050, 1750 அப்படியே பொருந்துது.

3எஸ் போட்டா கரண்ட் குறையும், பிழையும் 180, 190 அளவுக்கு வரும். ஒழியாது. முறையான வழி ஐந்தாவது கோர்: திருகுக்குன்னு தனி கிரவுண்ட், அதில் வேற எந்தக் கரண்ட்டும் போகக் கூடாது. கேபிளைத் தொட மாட்டீங்கன்னா கோடில் செய்யலாம். ஃபிளாஷ் எரியாத இடைவெளியில் மட்டும் திருகைப் படிங்க, எட்டு முறை படிச்சு சராசரி. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் அதுக்கு நேரம் தாராளம்.

திருகைப் படிக்கிற ஈஎஸ்பி32 பின்னுக்கு முன்னாடி 1 கிலோஓம் ஒண்ணும் போடுங்க. திருகு அடிமட்டத்தில் இருக்கும்போது சுட்டா, பின்னுக்கு மைனஸ் வோல்டேஜ் போகுது. ஈஎஸ்பி32 அதை ரொம்ப நாள் பொறுத்துக்காது.

ஒலிபெருக்கி
3 எனக்கு. டிஎஃப்பிளேயர் ஒரு நேரத்தில் ஒரு ஃபைல்தான் வாசிக்கும். புது பிளே கட்டளை வந்தா பழையதை வெட்டிட்டு, கொஞ்சம் தாமதிச்சுத் தொடங்கும். ஷாட்டுக்கு ஒரு கட்டளை அனுப்பினா இப்படித்தான் கேட்கும். தொடர் சூட்டை ஒரே ஃபைலா செய்துக்கோங்க, 8 முதல் 10 நொடி. டிரிகர் அழுத்தினா பிளே, விட்டா குளிர்விக்கிற சத்தம் உள்ள இரண்டாவது ஃபைல். ஃபிளாஷ் வேகத்தை அந்த ஃபைலோட தாளத்துக்குப் பொருத்துங்க, சத்தத்தை ஃபிளாஷுக்குப் பொருத்தப் பார்க்காதீங்க.

கார்டை எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்து, எம்பி3 என்ற ஃபோல்டருக்குள்ள 0001, 0002-ன்னு பேர் வைங்க. கோடில் அந்த ஃபோல்டரிலிருந்து எடுக்கிற கட்டளையைப் பயன்படுத்துங்க. சாதாரண பிளே கட்டளை, ஃபைல் பேரைப் பார்க்காது, கார்டில் காப்பி ஆன வரிசையைப் பார்க்கும். இரைச்சல் வந்தா, அதோட ஆர்எக்ஸ் காலுக்கு 1 கிலோஓம் தொடரில்.

முக்காலி
4-க்கு அளவு வேணும். துப்பாக்கியைத் தனியா கழட்டி கயிற்றில் தொங்கவிட்டு, சமநிலைப் புள்ளி சுழல் அச்சிலிருந்து எவ்வளவு முன்னாடின்னு பாருங்க. இரண்டின் எடை, நடுவிலிருந்து கால் நுனி வரை தரையில் எத்தனை மி.மீ., எந்தக் கால் முன்னாடி?

பனிப்படை_இரண்டாம்ஆள்
துப்பாக்கி 3.2 கிலோ, முக்காலி 1.5. சமநிலைப் புள்ளி அச்சுக்கு 310 மி.மீ. முன்னாடி. கால் நுனி 400. ஒரு கால் நேர் முன்னாடி, இரண்டு பின்னாடி.

முக்காலி
மொத்த எடையும் தரையில் விழுகிற புள்ளி: 3.2 × 310 ÷ 4.7 = 211 மி.மீ. நேர் முன்னாடி கால் இருப்பதால் அந்தத் திசையில் 400 வரை இடம் இருக்கிறது, நிற்கும். ஆனால் இரண்டு கால்களுக்கு நடுத் திசையில் (60 டிகிரி திரும்பினால்) முக்கோணத்தின் விளிம்பு வெறும் 200 மி.மீ.யில். 211 அதைத் தாண்டிவிடுகிறது. கணக்குப்படி 41 டிகிரியில் விளிம்பைத் தொடும். நீங்கள் சொன்ன 40 சரிதான்.

சுழலும் எதையும் முக்காலியில் வைத்தால், கால் நீளத்தில் பாதியைத்தான் நம்பலாம். ஒரு காலை முன்னால் வைத்தால் போதும் என்பது நகராத மாடலுக்கு மட்டும்.

சுழல் அச்சை 100 மி.மீ. முன்னே நகர்த்தினால் 143 ஆகும். தோற்றம் கெடும் என்றால், முக்காலியின் நடு ஹப்புக்குள் 2 கிலோ இரும்புத் தகடு: 992 ÷ 6.7 = 148. நான் இரண்டாவதைச் செய்வேன். எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. துப்பாக்கியின் பின்முனையில் எடை கட்டாதீர்கள். சமநிலை வரும், ஆனால் திருகாணி பிடித்திருக்கும் பிஎல்ஏ இன்னும் அதிகச் சுமை தாங்க வேண்டியிருக்கும்.

கால்களும் பிஎல்ஏதானா? சுமையோடு விட்டால் நாளடைவில் தானாக வளையும். வெயிலில் மூடிய காரில் வைத்தால் ஒரே மதியத்தில். உள்ளே அலுமினியக் குழாய் செருகி, பிரிண்ட்டை உறை மாதிரி மட்டும் வையுங்கள்.

பனிப்படை_இரண்டாம்ஆள்
3எஸ், எக்ஸ்எல்4015 போட்டாச்சு. ரீசெட் போச்சு, திருகு நிக்குது, தகடு வெச்சதும் எந்தப் பக்கம் திருப்பினாலும் சாயலை. சத்தமும் ஓகே.

ஆனா புதுசா ஒண்ணு. முன்னாடி இல்லாதது: சுடும்போது எல்ஈடி அங்கங்கே பச்சையா, நீலமா மின்னுது. எக்ஸ்எல்4015 கெட்டதா?

சாலிடர்புகை
இல்லை, அது நல்லா வேலை செய்யறதால்தான் வருது. டபிள்யூஎஸ்2812பி டேட்டாவை "ஒன்று"ன்னு எடுத்துக்க, சப்ளையில் 70 சதவீதம் வேணும். முன்னாடி கேபிள் இழப்பால் சுடும்போது சப்ளை 4.05-க்கு விழுந்துச்சு, 2.8 வோல்ட் போதும். இப்போ நிலையா 5.0, தேவை 3.5. ஈஎஸ்பி32 தர்றது 3.3தான்.

3.3 வோல்ட் டேட்டாவை 5 ஆக்குற 74ஏஹெச்சிடி125 சிப் ஒண்ணு நடுவில் போடுங்க, 5 வோல்ட் சப்ளையில். வாங்கும்போது "டி" எழுத்து இருக்கான்னு பாருங்க. 74ஹெச்சி125 உருவத்தில் ஒண்ணேதான், 3.3-ஐ ஒழுங்கா ஏத்துக்காது. பயன்படுத்தாத உள்ளீடுகளைக் கிரவுண்டில் கட்டிடுங்க. முதல் எல்ஈடிக்கு முன்னாடி டேட்டாவில் 330 ஓம், பட்டையின் பவர் முனையில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மைனஸ் கோடு எந்தப் பக்கம்னு பார்த்து.

கேஜ்காரர்
சிப் கிடைக்கலைன்னா: முதல் எல்ஈடியை மட்டும் வெட்டிப் பிரிச்சு, அதோட 5 வோல்ட்டை 1என்4007 டையோடு வழியா குடுங்க. அதுக்கு 4.3 வோல்ட்தான் வரும், தேவை 3.0, ஈஎஸ்பி32 சமாளிக்கும். அந்த எல்ஈடி டேட்டாவை 4.3-இல் அடுத்ததுக்கு அனுப்பும், அது 3.5-ஐத் தாண்டிடுச்சு. கிரவுண்டை வெட்டாதீங்க.

பனிப்படை_இரண்டாம்ஆள்
டையோடு வழி போட்டேன், மின்னல் நின்னுடுச்சு. சிப் வந்ததும் மாத்திடறேன். ஃபிளாஷ் முதல் 30 மில்லிசெகண்ட் வெள்ளை, பிறகு சிவப்பு. பேட்டரி முனையில் சுடும்போது அளந்தா 1.4 ஆம்பியர்.

சாலிடர்புகை
30 மில்லிசெகண்ட் ஃபிளாஷை மல்டிமீட்டர் பிடிக்காது, அது காட்டுறது சராசரி. நிலையான வெள்ளையில் ஒரு தடவை அளந்துட்டு ஃபியூஸை முடிவு பண்ணுங்க.