இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ்: எந்த ஏசி128 எந்த இடத்தில்?

ஆறாம்கம்பி

வணக்கம். ஃபஸ் ஃபேஸ் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) சர்க்யூட்டை பிரெட்போர்டில் போட்டிருக்கிறேன். முதல் டிரான்சிஸ்டர் கியூ1, இரண்டாவது கியூ2. இன்புட்டில் 2.2 மைக்ரோ ஃபாரட், கியூ1 கலெக்டரில் 33 கே, கியூ2 கலெக்டரில் 470 ஓமும் 8.2 கே-யும் தொடராக, கியூ2 எமிட்டரிலிருந்து கியூ1 பேஸுக்கு 100 கே, ஃபஸ் பாட் 1 கே, அதன் நடுக்காலில் 22 மைக்ரோ ஃபாரட், அவுட்புட்டில் 0.01 மைக்ரோ ஃபாரட், வால்யூம் 500 கே. 9 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் கிரவுண்ட் (பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்ட்).

மூன்று ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. மல்டிமீட்டரின் எச்எஃப்இ சாக்கெட்டில் (கெயின், அதாவது கரண்டை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்று அளப்பது) 83, 133, 146 என்று காட்டுகிறது. விரலால் பிடித்தால் எண் ஏறிக்கொண்டே போகிறது. கியூ1-க்கு 80, கியூ2-க்கு 120 வாக்கில் வேண்டும் என்று படித்தேன். முதலில் 133-ஐ கியூ1-லும் 146-ஐ கியூ2-லும் வைத்தேன். கியூ2 கலெக்டரில் 8.3 வோல்ட் நிற்கிறது. கம்பியை ஓங்கி அடித்தால் மட்டும் பட்டென்று ஒரு சத்தம், உடனே அறுந்துவிடுகிறது.

இந்த மூன்றில் ஒரு ஜோடி தேறுமா? இல்லையென்றால் பிசி108பி, பிசி547சி, 2என்3904 இருக்கின்றன, சிலிக்கானுக்கே போய்விடலாமா?

---

ஈயப்புகை

அந்த மூன்று எண்களையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஜெர்மானியத்தில் பேஸுக்கு எதுவுமே கொடுக்காவிட்டாலும் கலெக்டரிலிருந்து எமிட்டருக்குக் கொஞ்சம் கரண்ட் கசியும். மல்டிமீட்டர் பேஸில் 10 மைக்ரோ ஆம்பியர் அளவு விட்டு, கலெக்டரில் வருவதை மொத்தமாக எண்ணிக் காட்டுகிறது. 300 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் இல்லாத 30 கெயின் கூடச் சேர்ந்து தெரியும். விரல் பட்டதும் எண் ஏறுவது அந்தக் கசிவுதான். ஜெர்மானியத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி கூடினால் கசிவு இரட்டிப்பாகும்.

கசிவைத் தனியாக அளக்க இரண்டு ரெசிஸ்டர் போதும். ஏசி128 பிஎன்பி என்பதால் எமிட்டரை பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுங்கள். கலெக்டரிலிருந்து 2.4 கே-யும் 68 ஓமும் தொடராக வைத்து மைனஸுக்கு. அந்த இரண்டின் குறுக்கே மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். பேஸ் எதிலும் படாமல் நிற்கட்டும். இப்போது வருவது கசிவு: 1 வோல்ட் என்றால் ஏறத்தாழ 405 மைக்ரோ ஆம்பியர்.

அடுத்து பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம் போடுங்கள். பேஸில் 4 மைக்ரோ ஆம்பியர் ஓடும். புது அளவிலிருந்து பழைய அளவைக் கழித்து 100-ஆல் பெருக்கினால் அசல் கெயின். பேஸ் திறந்திருந்தபோது 0.45, ரெசிஸ்டர் போட்டதும் 1.35 வந்தால் கெயின் 90. கழிக்காமல் விட்டால் 135 என்று ஏமாந்திருப்போம்.

சாக்கெட்டில் குத்தியபின் கை எடுத்து இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, எண் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே அமர்வில், ஒரே அறை வெப்பத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். என்பிஎன் அளக்க பேட்டரியைத் திருப்பினால் போதும்.

அதற்கும் முன் டயோடு சோதனை செய்யுங்கள். பேஸ்-எமிட்டர் 0.2 முதல் 0.3 வோல்ட் காட்டினால் ஜெர்மானியம். 0.6-க்கு மேல் போனால் மேலே என்ன அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது சிலிக்கான்.

---

ஆறாம்கம்பி

அளந்துவிட்டேன். டயோடு சோதனையில் மூன்றும் ஜெர்மானியம்தான்.

83 காட்டியது: திறந்த பேஸில் 0.22, ரெசிஸ்டருடன் 0.96.
133 காட்டியது: 1.30, பிறகு 2.10.
146 காட்டியது: 0.60, பிறகு 1.82.

---

பயஸ்பித்தன்

அப்படியானால் கெயின் முறையே 74, 80, 122. கசிவு சுமார் 90, 525, 245 மைக்ரோ ஆம்பியர். உங்கள் 8.3 வோல்ட்டுக்குக் காரணம் நடுவில் இருப்பதுதான். அதை கியூ1-ல் வைத்ததால்தான் எல்லாம் முடங்கியது. எப்படி என்று கணக்கிலேயே பார்க்கலாம் (பிளஸ் மைனஸ் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்).

கியூ1 கலெக்டரில் 33 கே. அதன் வழியே போகக்கூடியது சுமார் 8.5 வோல்ட் ÷ 33 கே, அதாவது 257 மைக்ரோ ஆம்பியர். உங்கள் கியூ1 சும்மா இருக்கும்போதே 525 கசியவிடத் தயாராக இருக்கிறது. எனவே அது முழுதாக அமுங்கிப் படுத்துவிடுகிறது, கியூ2-வின் பேஸுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. கியூ2 கிட்டத்தட்ட அணைந்து கிடக்கிறது. ஓங்கி அடிக்கும் முதல் நொடியில் மட்டும் அது விழிக்கிறது. நீங்கள் கேட்ட பட் சத்தம் அதுதான்.

நல்ல கியூ1 இருந்தால் என்ன நடக்கும்? கெயின் 70, கசிவு பூஜ்யம் என்று வையுங்கள். 257-க்கு பேஸில் 3.7 மைக்ரோ ஆம்பியர் வேண்டும். அது 100 கே வழியாகத்தான் வர வேண்டும், அங்கே 0.37 வோல்ட் விழும். பேஸ்-எமிட்டருக்கு 0.15 சேர்த்தால் கியூ2 எமிட்டரில் 0.52 வோல்ட். ஃபஸ் பாட் 1 கே, ஆகவே கியூ2-வில் 0.52 மில்லி ஆம்பியர். 8.2 கே-யும் 470-ம் சேர்ந்து 4.5 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், கலெக்டரில் மீதி 4.5. கியூ2 கலெக்டரில் நிற்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் அந்த 4.5 இப்படித்தான் வருகிறது.

இதில் கியூ2-வின் கெயின் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? இரண்டு டிரான்சிஸ்டரின் பயஸையும் (வாசிக்காதபோது நிற்கும் வோல்ட், கரண்ட் நிலை) தீர்மானிப்பது கியூ1. அதன் கெயின் கூடினாலோ கசிவு கூடினாலோ 100 கே-யில் விழும் வோல்ட் குறையும், கியூ2 கலெக்டர் மேலே ஏறும். கியூ1 கெயின் 130 என்றால் 6 வோல்ட் வந்துவிடும். கியூ2-வின் கசிவு மட்டும் அவ்வளவு தொந்தரவு தராது: அதன் மொத்தக் கரண்டை 100 கே வழியாகத் திரும்பும் ஃபீட்பேக் பிடித்துவைத்திருப்பதால், கசிவு அந்த அரை மில்லி ஆம்பியரைத் தொடாதவரை சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் கசிவு குறைந்ததை முன்னால், கெயின் கூடியதைப் பின்னால் வைக்கிறோம்.

உங்களுக்கு: 74 கெயின் உள்ளதை கியூ1-ல், 122-ஐ கியூ2-ல். நல்ல ஜோடி. 525 கசிவதை ஒதுக்கிவிடுங்கள். கசிவு 200 மைக்ரோ ஆம்பியர் வரை நிம்மதி, 300 வரை கியூ2-க்கு ஓட்டலாம், 500-க்கு மேல் ஃபஸ்ஸுக்கு ஆகாது.

---

ஈயப்புகை

மேலே சொன்னதோடு ஒன்று. கியூ1-ல் அந்த 90 கசிவும் கணக்கில் வரும், ஆகவே 8.2 கே-யோடு கியூ2 கலெக்டரில் 5.5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். 8.2-ஐக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். 4.7 கே ரெசிஸ்டரோடு 10 கே டிரிம்பாட்டை (திருகி மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) தொடராகப் போட்டு 4.5-க்குக் கொண்டுவாருங்கள். மொத்தம் 11 கே சொச்சத்தில் அமையும்.

ரெசிஸ்டர் பெரிதாகும்போது அவுட்புட் கொஞ்சம் குறையும், ஏனென்றால் வெளியே போவது 470-ல் விழும் பங்கு மட்டும்தான். வால்யூமை முழுக்கத் திறந்தும் பைபாஸ் சத்தத்தைத் தாண்டவில்லை என்றால் 470-ஐ 1 கே ஆக்குங்கள்.

4.5-ல் வைத்தபின் காதால் சற்று இங்குமங்கும் திருப்பிப் பாருங்கள். 5-க்குப் பக்கத்தில் ஸ்வரம் தேயும்போது கொஞ்சம் சொரசொரப்பு சேரும், 6.5 தாண்டினால் வால் அறுந்து போகும். கீழே 3-க்குப் போனால் தடித்து, சற்று மந்தமாகும். எனக்கு 4.8 பிடிக்கும், குறிப்பாகக் கழுத்துப் பக்க பிக்அப்பில்.

---

ஆறாம்கம்பி

டிரிம்பாட் 6.5 கே வாக்கில் நிற்கிறது, 4.7 வோல்ட். ஸ்வரம் கடைசிவரை தேய்ந்து மறைகிறது, கிட்டார் வால்யூமைக் குறைத்தால் தெளிகிறது. மிக்க நன்றி! நண்பர் ஒருவருக்கு இன்னொன்று கட்ட வேண்டும். அதைச் சிலிக்கானில் செய்யலாமா? பிசி547சி வைத்துப் பார்த்தால் இரைச்சலோடு ரேடியோ பேச்சும் லேசாகக் கேட்கிறது.

---

மின்மினி_ஆம்ப்

தாராளமாகச் செய்யலாம். 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸே முதலில் என்கேடி275 போன்ற ஜெர்மானியத்தோடு வந்து, பிறகு பிசி183, பிசி108 என்று சிலிக்கானுக்கு மாறியதுதான். ஒலி கூர்மையாக, பிரகாசமாக இருக்கும். கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஜெர்மானியம் அளவுக்குப் பளிச்சென்று தெளியாது. ஆனால் கசிவு இல்லை, வெயிலானாலும் குளிரானாலும் பயஸ் பெரிதாக நகராது.

உங்கள் சிக்கல் பெயரின் கடைசி எழுத்தில் இருக்கிறது. பிசி547-லும் பிசி108-லும் ஏ என்றால் கெயின் 110 முதல் 220, பி 200 முதல் 450, சி 420 முதல் 800. இரண்டு சி-யை அடுத்தடுத்து வைத்தால் கிட்டார் கேபிளே ஏரியல் ஆகிவிடும். கியூ1-க்கு 2என்3904-களில் 120 முதல் 180 வரை வருவதாகப் பார்த்து எடுங்கள். சிலிக்கானுக்கு மல்டிமீட்டர் எண்ணை நம்பலாம். கியூ2-க்கு பிசி108பி. அதற்குப் பிறகும் ரேடியோ வந்தால் கியூ1-ன் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே 47 பிகோ ஃபாரட், போதாவிட்டால் 100. அதற்கு மேல் போனால் ஒலியின் மேல்பகுதி மழுங்கும். பேட்டரி இல்லாமல் அடாப்டர் என்றால் 100 ஓம் தொடராக, அதன்பின் 100 மைக்ரோ ஃபாரட் கிரவுண்டுக்கு.

சிலிக்கானில் எமிட்டர் 0.7, 0.8 வோல்ட்டில் நிற்கும், ஆகவே 8.2 கே போட்டால் கலெக்டர் 2 முதல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதே 4.7 கே, 10 கே டிரிம்பாட் கூட்டணி இங்கேயும் சரிவரும், 5 முதல் 6.5 கே-யில் பயஸ் கிடைக்கும். 470-க்குப் பதில் 330 போதும்.

கால் வரிசையைப் பார்த்துச் செருகுங்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் பிசி547-ல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி108-ன் உலோக மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு எமிட்டர் பக்கம். இவை என்பிஎன் என்பதால் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களையும் திருப்ப வேண்டும்: 2.2-ன் பிளஸ் கியூ1 பேஸுக்கு, 22-ன் பிளஸ் பாட்டின் நடுக்காலுக்கு. கலெக்டரும் எமிட்டரும் மாறியிருந்தாலும் சில சமயம் மெலிதாகச் சத்தம் வரும், அதனால் சத்தம் வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

---

பயஸ்பித்தன்

525 கசியும் அந்த ஏசி128 பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அதை யாரும் கியூ2-ல் வைத்து டிரிம்பாட்டால் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். இன்றைக்கு அமையும், அறை கொஞ்சம் சூடானதும் கசிவு கியூ2-வின் மொத்தக் கரண்டையே விழுங்கிவிடும்.

நண்பருக்கு ஜெர்மானியத்தின் குழைவும் வேண்டும், பயஸும் அலையக் கூடாது என்றால் கலப்பாகக் கட்டலாம். கியூ1-ல் பிஎன்பி சிலிக்கான், 2என்3906 போல ஒன்று. கியூ2-ல் கசிவு 200-க்குள் உள்ள ஏசி128. பயஸைப் பிடிக்கும் இடத்தில் கசிவே இல்லாததால் வெப்பத்துக்கு அசையாது. கலெக்டர் ரெசிஸ்டர் சிலிக்கான் அளவுக்கு, 6 கே பக்கம் இறங்கும்.

---

ஈயப்புகை

பாசிட்டிவ் கிரவுண்ட் பெடலை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கிளை பிரித்துக் கொடுக்காதீர்கள். கேபிளின் கிரவுண்ட் வழியாக அடாப்டரின் பிளஸ்ஸும் மைனஸும் முட்டிக்கொள்ளும். தனி பேட்டரி, இல்லையென்றால் தனித்தனியாகப் பிரிந்த அவுட்புட் உள்ள பவர் சப்ளை.

பெடல் வரிசையில் கிட்டாருக்கு அடுத்து இதுதான் இருக்க வேண்டும். இதன் இன்புட் மிகக் குறைந்த எதிர்ப்பு உடையது, கிட்டார் பிக்அப்போடு நேரடியாகப் பிணைந்தே வேலை செய்கிறது. முன்னால் பஃபர் (கிட்டாரையும் அடுத்த பெடலையும் பிரித்துவைக்கும் சர்க்யூட்) உள்ள டியூனரை வைத்தால் அந்தப் பிணைப்பு போய்விடும், வால்யூமைக் குறைத்தாலும் தெளியாது, ஒலியும் கீச்சென்று மாறும். பலரும் டிரான்சிஸ்டரைக் குறைசொல்லி மாற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். முதலில் டியூனரைக் கழற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள்.