புதுப்பிப்பு: சேர்க்காட்டில் ஒரு பருவம் முடிந்தது

சென்னையில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. வேதியியல் படிப்பதா, குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடியே வேலூர் அருகே சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருவதா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்க்காட்டிலேயே சேர்ந்து, முதல் பருவத் தேர்வையும் எழுதிவிட்டேன்.

2002இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து உருவான இந்தப் பல்கலைக்கழகத்தை, இணைவுக் கல்லூரிகளின் பட்டச் சான்றிதழில் அச்சாகும் பெயராகவே பலரும் அறிவார்கள். வளாகத் துறைகளிலோ மாணவர் குறைவு என்பதால், ஆய்வகத்தில் கருவிக்காகக் காத்திருக்காமல் வேலை செய்யவும், ஐயம் எழுந்த அன்றே பேராசிரியரிடம் கேட்கவும் முடிகிறது.

பயணம்தான் பெரும்பாடு. குடியாத்தத்திலிருந்து காட்பாடி வரை ரயில் எளிது (குடியாத்தம் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருப்பது தனிக்கதை). அங்கிருந்து திருவலம் சாலையில் செல்லும் பேருந்து கிடைப்பதைப் பொறுத்தே அன்றைய முதல் வகுப்பு அமைகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் செலவு கையைக் கடிக்கவில்லை. ஆனால், மாலையில் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்ற எண்ணத்தை, தொலைவிலிருந்து வருபவர்கள் விட்டுவிட வேண்டியதுதான்.

உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டுக்குத் தனிப்பயிற்சி வேண்டுமா என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். இப்போதைக்கு நானும் தோழிகளும் பழைய வினாத்தாள்களை ரயிலிலேயே போட்டுப் பார்க்கிறோம்.