சுக்ஸ்வாங்: தமிழ்ச்சொல் தேவை

பண்டாரவளையிலிருந்து:
அன்பின் நண்பர்களுக்கு, மலையகப் பாடசாலைச் சதுரங்க அணிகளுக்கான இறுதியாட்டக் குறிப்பேட்டில் (காய்கள் சிலவே மிஞ்சிய ஆட்டப் பகுதிக்கானது) சுக்ஸ்வாங்கை, அதாவது நகர்த்தியே ஆகவேண்டும், எதை நகர்த்தினாலும் கேடு என்ற நிலையை, தமிழில் எப்படி எழுதலாம்? இணைத்திருப்பது பயில்நிலை ஆட்டக்காரர் இருவரின் போட்டியாட்ட முடிவு. வெள்ளை அரசன் எஃப்5 கட்டத்தில், சிப்பாய் இ4இல். கறுப்பு அரசன் டி4, சிப்பாய் இ5. யாருடைய முறையோ அவர் தோற்பார். வெள்ளையின் முறையென்றால் அரசன் விலகவேண்டும், கறுப்பு இ4ஐ வெட்டித் தன் சிப்பாயை அரசியாக்கும். 'கட்டாய நகர்வு' சரிவருமா?

ஹட்டனிலிருந்து:
சரிவராது. கட்டாய நகர்வென்றால் வேறு வழியே இல்லை என்று பொருள். அது வெல்லும் நகர்வாகவும் இருக்கலாம். இங்கே அரசனுக்கு 5 கட்டங்கள் திறந்திருக்கின்றன, ஐந்தும் நாசம். 'முடக்கம்' அதைவிட ஆபத்து. நகர்த்தவே இடமில்லாத, முற்றுகையும் (அரசன் மீதான தாக்குதலும்) இல்லாத சமநிலைக்கு அதைத்தான் பலர் சொல்கிறார்கள். பிள்ளை மணிக்கூட்டை நிறுத்திவிட்டு நடுவரிடம் சமநிலை கேட்கும்! 'முறைப்பொறி' என் முன்மொழிவு.

நுவரெலியாவிலிருந்து:
கணினி ஆட்டநிரலையும் பொறி என்கிறோமே, ஐயா. "பொறி முறைப்பொறியைக் காட்டியது" என்று எழுதிப்பாருங்கள். கேடு நகர்விலும் இல்லை, வலையிலும் இல்லை. முறை நம் தலையில் விழுவதில் இருக்கிறது. எனவே 'முறைச்சுமை'. "கறுப்பை முறைச்சுமைக்குள் தள்ளினார்" என்று வினையோடும் ஒட்டும். இணைப்பிலுள்ளது இருபக்க முறைச்சுமை, யார் முறையானாலும் அவருக்கே கேடு.

வரையறையில் ஒரு சோதனையும் சேருங்கள்: நகர்த்தாமலே முறையைக் கடத்திவிட விதி இடம்கொடுத்தால் நிலை தாக்குப்பிடிக்குமா? பிடித்தால்தான் இந்தச் சொல். 1923 கோபன்ஹேகனில் வெள்ளையாக ஆடிய சேமிஷை, கறுப்பாக ஆடிய நிம்சோவிச் வென்ற புகழ்பெற்ற சதுரங்க ஆட்டம்கூட இதில் தேறுமா என்று சண்டை உண்டு. வெள்ளை சும்மா இருந்தாலும் கறுப்பிடம் மிரட்டல் இருந்தது.

ஹட்டனிலிருந்து:
பொறியைக் கைவிடுகிறேன். 'சுமை' கொஞ்சம் சோகமாக ஒலிக்கிறது, ஆனாலும் பிழையில்லை. இணைப்பு நிலையை மட்டும் போட்டால் பிள்ளைகள் மனனம் செய்துவிடுவார்கள், ஒரு படி முன்னால் தொடங்குங்கள். சிப்பாய்கள் அப்படியே, வெள்ளை அரசன் ஜி6, கறுப்பு அரசன் சி4, வெள்ளையின் முறை. அவசரப்பட்டு எஃப்5 போனால் கறுப்பு டி4 வரும், சுமை வெள்ளைக்கு. எஃப்6 போனால் இ5ஐக் காக்கக் கறுப்பு டி4 வந்தாகவேண்டும். அதன்பின் எஃப்5, சுமை கறுப்புக்கு.

பண்டாரவளையிலிருந்து:
முறைச்சுமை என்றே போடுகிறேன். முதற்பதிப்பில் சுக்ஸ்வாங்கும் பக்கத்தில் இருக்கும்.