புதுப்பிப்பு: கூரையறைப் படிக்கட்டுக்குத் திறப்பு, தலை இடிக்காமல் அமைந்தது

லண்டனில் எங்கள் வரிசை வீட்டின் கூரைக்கடியில் அறை கட்டுகிறோம், படிக்கட்டுக்குத் தளத்தில் எங்கே திறப்பு வெட்டுவது, கூரைச் சரிவு தலையில் இடிக்கிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது, கட்டட ஆய்வாளரும் ஒப்புதல் தந்துவிட்டார்.

கைகொடுத்தது, புதுப் படிக்கட்டைப் பழைய படிக்கட்டுக்கு நேர் மேலேயே வைக்கச் சொன்ன யோசனைதான். படுக்கையறையில் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. மேலே விசிறிப் படிகளாக (ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்ற படிகள்) திருப்பியதால், கூரை உயரமாக இருக்கும் முகட்டுக்கு அருகிலேயே போய் ஏறுகிறோம். இங்கிலாந்து விதிப்படி தலைக்கு மேல் 2 மீட்டர் வேண்டும். கூரையறைக்கு அது வராவிட்டால் படிக்கட்டு அகலத்தின் நடுவில் 1.9, சரிவுப் பக்கம் 1.8 மீட்டர் போதும். எங்களைக் காப்பாற்றியது அந்தச் சலுகைதான். படிக்கட்டின் சாய்வு 42 பாகையைத் தாண்டக் கூடாது என்பதால் அதைச் செங்குத்தாக்கித் திறப்பைச் சுருக்க முடியாது.

எதிர்பாராதது ஒன்று: கீழே உள்ள பழைய படிக்கட்டில் ஏறுபவரின் தலைக்கும் இடம் வேண்டும், புதுப் படிக்கட்டின் அடிப்பாகம் அங்கேதான் இறங்குகிறது. வரைபடத்திலேயே அளந்துவிடுங்கள். அப்புறம், படிக்கட்டை ஒட்டிய அறைகளுக்கெல்லாம் தீ தாங்கும் கதவு போடச் சொன்னார்கள். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.