கொடிக்கம்பத்தில ஏறின காத்தான்

1990 ஜூன். ஷெல் விழத் தொடங்கின அண்டைக்கு யாழ்ப்பாணத்து வடகரையில இருக்கிற எங்கட மயிலிட்டிச் சனம் கையில அம்பிட்டதோட வெளிக்கிட்டது. காணி உறுதியை விட்டுட்டு அப்பா தூக்கிக்கொண்டு வந்தது காத்தவராயன் கூத்துக் கொப்பியை, காத்தான் கழுமரம் ஏறுற கதையின்ர பாட்டெல்லாம் எழுதினது. அவர் சாகுமட்டும் அம்மா அதுக்காகப் பேசினவ. கூத்து முடி, உடுப்பு எல்லாம் கூத்துப் பழக்கிற அண்ணாவியார் வீட்டு அறைக்குள்ள. ஒரு கிழமையில திரும்பலாம் எண்டு அறையைப் பூட்டிப்போட்டு, ஆர்மோனியப் பெட்டியோட மட்டும் வந்தவர்.

எங்கடது பெரிய நாடக சபா இல்லை. பக்கத்துக் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின்ர வசந்த கான சபா மாதிரி ஊரூராய்ப் போய் அரிச்சந்திரா போட்ட ஆக்களும் இல்லை. (அவர் 1989இலயே போயிட்டார். அடுத்த வருசம் சனம் இடம்பெயர்ந்ததைப் பாக்கேல்லை.) நாங்கள் கடற்தொழிலுக்குப் போற பெடியள். வருசத்தில ஒருக்கா அம்மன் கோயில் நேர்த்திக்கு விடிய விடிய ஆடுவம், அவ்வளவுதான்.

மல்லாகத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில அகதியா இருந்தம். அடுத்த வருசம் நேர்த்தியை விடக்கூடாதெண்டு அங்கயே போட்டம். கழுமரத்துக்கு எங்க போறது? பள்ளிக்கூடக் கொடிக்கம்பம் நிண்டது, இரும்புக் குழாய். கயிறு சுத்தி, பழஞ்சீலை கிழிச்சுக் கட்டிப் படி வைச்சம். பின் காத்தான், அதாவது கடைசியில கழுவேறுற காத்தான், நான்தான். பாதி ஏறப் பாட்டு அடி மறந்துபோச்சு.

ஊரில எண்டால் முன்னுக்குப் பாயில இருக்கிற ஆச்சிமார் சிந்துப் பாட்டை எடுத்துக் குடுப்பினம். பிழையாப் பாடினால் அங்கயே பேச்சும் விழும். அண்டைக்கு முன்னுக்கு இருந்தது வேற வேற ஊர்ச் சனம், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நான் கம்பத்தில தொங்க, அண்ணாவியார் ஒரே இசையைத் திருப்பித் திருப்பி வாசிச்சுக்கொண்டிருந்தார். ஒருமாதிரி ஏறி முடிக்கக் கைதட்டினவை. அதுதான் எனக்கு ஏலாமல் போச்சு. கழுவேற ஊரில கும்பிடுவினம், கைதட்டுறேல்லை.

* * *

அண்ணை, நீங்கள் எழுதினதை வாசிச்சன். அந்தப் பள்ளிக்கூடக் கூத்தைப் பாத்த சின்னப் பெடியளில நானும் ஒருத்தன் போல. நீங்கள் பாட்டை மறந்தது எங்களுக்குத் தெரியாது. காத்தான் சாகப் பயந்து நிக்கிறானாக்கும் எண்டு நினைச்சு நான் அழுதனான். யாழ்ப்பாணச் சனமே வெளிக்கிட்ட 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில, மழைக்குள்ள, செம்மணியில ஒரு சைக்கிள் கரியரில ஆர்மோனியப் பெட்டி கண்டன், உரப்பை சுத்தி. உங்கட அண்ணாவியாரோ?

* * *

இல்லைத் தம்பி. அதுக்கு முதலே அவர் பெட்டியை வித்துப்போட்டுக் கிளாலிக் கடலால வன்னிக்குப் போயிட்டார்.

2017 ஜூலையில மயிலிட்டித் துறைமுகப் பக்கத்தை ஆமி விட்ட உடன போய்ப் பாத்தன். அந்த அறை இருந்த இடத்தில பத்தைதான். கொப்பி இப்பவும் என்னட்டை இருக்கு. ஆனால் கழுவேறுற இடத்தில ரெண்டு தாளைக் கறையான் தின்னிட்டுது. அந்தச் சிந்து ஆருக்கும் பாடமெண்டால் போனில பாடி அனுப்புங்கோ. பிழையெண்டாலும் காரியமில்லை. அம்மாவுக்கு 86 வயசு. தானாப் பாடச் சொன்னால் வராது, மற்றவை பிழையாப் பாடினால் உடன பிடிப்பா.