மாலத்தீவில் சுற்றுலாப் பணம் யார் கைக்குப் போகிறது?

கணக்கன்:
சுற்றுலாவால் மாலத்தீவின் சாதாரண மக்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தபோது அந்த நாட்டுக்கு மீனை விட்டால் வேறு பெரிய பிழைப்பு கிடையாது. நாம் மாசிக் கருவாடு என்று இடித்துப் போடுகிறோமே, அதே சூரை மீன்தான். இன்று ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள நாட்டுக்கு 2024-இல் 20 லட்சம் பயணிகள் வந்தார்கள். தீவுக் குத்தகை, சுற்றுலாப் பொருள் சேவை வரி 17 சதவீதம், அதற்கு மேல் பசுமை வரி என்று அரசுக்கு வருமானம் வருகிறது. 2012-இல் நாட்டு மக்கள் எல்லோருக்கும் வந்த ஆசந்தா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

முத்துநகரான்:
அண்ணாச்சி, வரி வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அங்கே ஒரு ரிசார்ட்டில் நாலு வருஷம் ஸ்டோரில் இருந்தவன். வாரம் இரண்டு தடவை படகு வரும். பெட்டிகளை எண்ணி இறக்குவது என் வேலை. முட்டையும் வெங்காயமும் இந்தியாவிலிருந்து, ஆட்டுக்கறி ஆஸ்திரேலியாவிலிருந்து, குடிக்கிற தண்ணீர் பாட்டில்கூட ஐரோப்பாவிலிருந்து. உள்ளூர்ச் சரக்கு என்றால் சூரை, தேங்காய், பக்கத்துத் தீவிலிருந்து கொஞ்சம் பப்பாளி, அவ்வளவுதான். விருந்தாளி தரும் டாலர் வந்த வழியே கப்பலேறிப் போய்விடுகிறது.

தோட்டத்தில் பங்களாதேஷ்காரர்கள், சமையலறையில் நாங்களும் இலங்கைக்காரர்களும். மாலத்தீவுப் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மது விற்கும் தீவில் மாதக்கணக்கில் தங்க வீட்டில் எப்படி விடுவார்கள்? ரிசார்ட் தனித் தீவு, ஊர் தனித் தீவு என்று பிரித்து வைத்ததன் விலை இது.

கணக்கன்:
சரி, அந்தப் பிரிவினை தப்புதான். ஆனால் 2010 வாக்கில் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்த வழி பிறந்ததே! மாஃபுஷியைப் பாருங்கள். சிறைச்சாலைக்குப் பேர்போன மீனவத் தீவு, இப்போது தெருவுக்குத் தெரு தங்கும் விடுதி. சொந்த வீட்டு மாடியை அறையாக்கி வாடகைக்கு விட்ட குடும்பங்கள் அங்கே இருக்கின்றன.

அலைமகள்:
கூடவே குப்பையையும் பாருங்கள். தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் திலஃபுஷி, 1992-லிருந்து குப்பை கொட்டியே மேடான தீவு. அங்கே எரித்த புகையைச் சுவாசித்தது விருந்தாளி இல்லை, வேலையாளும் மாலே மக்களும்தான். மாஃபுஷி கடற்கரையில் விருந்தாளிகளின் நீச்சலுடைக்கென்று ஒரு துண்டை மறைப்பு கட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் விளையாடிய மணல் அது.

முத்துநகரான்:
மாஃபுஷியை ஒத்துக்கொள்கிறேன், அண்ணாச்சி. என்னோடு வேலை பார்த்தவரின் அப்பா அந்த ஊர்தான். அவரும் கடன் வாங்கி நாலு அறை கட்டினார். 2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள், ஜூலை பாதியில்தான் திறந்தார்கள். அந்த வருஷம் நாட்டின் பொருளாதாரமே மூன்றில் ஒரு பங்கு சுருங்கிப் போனது. எங்களைச் சம்பளமில்லாமல் ஊருக்கு அனுப்பினார்கள். அந்தப் பெரியவர் மட்டும் தோணியை விற்காமல் வைத்திருந்தார் (அங்கேயும் அதை தோனி என்றுதான் சொல்கிறார்கள்). அந்த நாலு மாதமும் தூண்டில் போட்டுச் சூரை பிடித்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர் மகனுக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது.

கணக்கன்:
அதனால்தான் சொல்கிறேன், மீன்பிடித் தொழிலிலும் பணம் போடச் சொல்லுங்கள். சுற்றுலாவை மூடச் சொல்லாதீர்கள்.

முத்துநகரான்:
மூடச் சொன்னது யார்? ரிசார்ட் சமையலறையில் பாதிக் காய்கறியாவது பக்கத்துத் தீவில் விளைந்ததாக இருக்கட்டும் என்கிறேன்.